மாமனாரின் பெடலில் ஒரு டிக் சத்தம்

எங்கள் வீட்டில் கிடார் வாசிப்பவர் என் மாமனார். இதைச் சொன்னால் முதல் தடவையில் யாரும் நம்புவதில்லை. "மகனா, பேரனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மகனுக்கு, அதாவது என் கணவருக்கு, மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்க மட்டும்தான் தெரியும். மாமனார் முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். லீவு கிடைக்கும் நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பார். ரிட்டையர் ஆனதும் நத்தம் ரோட்டை ஒட்டிய எங்கள் ஊருக்கே வந்து, ஒரு பக்கம் மல்லிகையும் ஒரு பக்கம் தென்னையுமாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். பழைய குழுவில் மிச்சமிருந்த மூன்று பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் கூட்டினார். பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றையும், சார்ஜ் போட்டுப் பாட வைக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றையும் வாங்கி வந்தார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. பழைய படப் பாட்டுகளில் கிடார் கரகரவென்று தொண்டை கட்டிய மாதிரி உறுமும் இடங்கள் வருமே, அந்தச் சத்தம் அவருடைய கிடாரில் வரவில்லை. அதற்குக் காலால் அமுக்குகிற பெடல் என்று ஒரு பெட்டி வேண்டும். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதை மாட்டினால், போகிற சத்தத்தை அது முரட்டுத்தனமாக்கி அனுப்பும்.

ஒருநாள் காலையில் பூப்பறித்துக்கொண்டிருக்கும்போது இதைப் பற்றி மாமா புலம்பிக்கொண்டே வந்தார். நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அது பெரிய விஷயமில்ல மாமா. ரெண்டு டிரான்சிஸ்டர், நாலஞ்சு சின்னச் சாமான். நானே செஞ்சிரலாம்."

அவர் கையில் இருந்த பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"நெசமாவா தாயி?"

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. சால்டரிங் அயர்ன் துணிப்பையில் சுற்றியபடி பீரோவின் மேல்தட்டில் கிடந்தது. அதை இறக்கிப் பிளக்கில் சொருகி, நுனி சூடேறி முதல் ஈயப் புகை மூக்கில் ஏறியபோது எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. ஏனென்று தெரியவில்லை. "என்னடி, தானா சிரிக்கிற?" என்று அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். அத்தை என்றால் என் மாமியார்.

சாமான் வாங்கத் திண்டுக்கல்லுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எலக்ட்ரானிக் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் நான் கொடுத்த சீட்டைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"பெடல் செய்ய."

"சைக்கிள் பெடலுக்கு டிரான்சிஸ்டரா?"

விளக்கிச் சொன்ன பிறகு அவருக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. காலால் மிதிக்கிற ஸ்விட்ச் மட்டும் அவரிடம் இல்லை. அதை ஆன்லைனில் வரவழைத்தேன். மற்ற எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதிக் கொடுத்தார். "வேலை செஞ்சா வந்து சொல்லும்மா. வேலை செய்யலன்னா கண்டிப்பா வந்து சொல்லு" என்றார்.

நாலு நாளில் பெடல் தயாரானது. பழைய பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள் எல்லாவற்றையும் அடக்கி, மூடியில் ஓட்டை போட்டு ஸ்விட்சைப் பொருத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குக் குடும்பமே கூடத்தில் உட்கார்ந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"ங்ங்ங்ங்ங்" என்றது ஸ்பீக்கர்.

கம்பியை மீட்டாமலே அப்படி. மீட்டியபோது, அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ கிணற்றுக்குள் இருந்து கத்துகிற மாதிரி கிடார் கேட்டது. அத்தை காதைப் பொத்திக்கொண்டார். "மாவு அரைக்கிற கிரைண்டர் மாதிரியில்ல இருக்கு!" மாமாவோ முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். "உள்ள கரகரப்பு இருக்கு தாயி, கேக்குதா? இருக்கு! மேல கெடக்குற குப்பைய மட்டும் அள்ளிப் போட்டுட்டா அம்புட்டுத்தான்."

அந்தக் குப்பையை அள்ளத்தான் ஒன்றரை மாதம் ஆனது.

முதலில் கரண்டிலிருந்து எடுக்கிற அடாப்டரைக் கழற்றி, பேட்டரி மாட்டினேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அடுத்து, கூடத்து டியூப்லைட்டை அணைத்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்ததைக் கவனித்தேன். மறுபடி போட்டால் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. அப்போதுதான் புரிந்தது. பிளாஸ்டிக் டப்பா எதையும் தடுக்காது. சுவருக்குள் ஓடுகிற கரண்டின் முனகலையெல்லாம் என் பெடல் ஜன்னலைத் திறந்து வைத்தது போல உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஓர் உலோகப் பெட்டிக்குள் போட்டு, அந்தப் பெட்டியையே சர்க்யூட்டின் எர்த்தோடு இணைக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் பரீட்சைக்கு இதை நான் பாடமாகவே எழுதியிருக்கிறேன். எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

சரியான அளவில் உலோக டப்பா எதுவும் கிடைக்கவில்லை. நான் அடுக்களையில் ஒவ்வொரு தட்டாகத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, சீரகம் போட்டு வைத்திருந்த எவர்சில்வர் சம்புடத்தை எடுத்து, சீரகத்தை ஒரு பேப்பரில் கொட்டிவிட்டு நீட்டினார். அவருடைய கல்யாணச் சீரில் வந்த சம்புடம். மூடியில் அவர் பெயர் வெட்டியிருந்தது.

"வேணாம் அத்தை. ஓட்டை போடணும் இதுல."

"போடு. நாப்பது வருசமா சீரகத்துக்குத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு. என் பேர இந்த மனுசன் காலால மிதிக்கக் கூடாது."

அதனால் சம்புடத்தைக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் ஸ்விட்சை வைத்தேன். மூடி கீழே போய்விட்டது. பெயர் தரையைப் பார்த்துக்கொண்டது. மாமா அப்படியும் விடவில்லை. முதல் தடவை மிதிப்பதற்கு முன் குனிந்து சம்புடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தை வெட்கத்தில் "ஐய, சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கதவிடுக்கில் நின்று கேட்டார்.

இரைச்சல் போயே போய்விட்டது. மாமா ஒரு கம்பியைச் சுண்டினார். கிடார் உறுமியது. நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பழைய பாட்டு ஒன்றின் நடுவில் வருகிற அந்த நாலு வரி இசையை வாசித்தார், நிறுத்தினார், மறுபடி வாசித்தார். தூக்கம் கலைந்து வந்த என் கணவர் வாசற்படியில் நின்று விசிலடித்தார்.

மாமா கையை எடுத்தார். கூடம் அமைதியானது. அந்த அமைதியில்தான் அது கேட்டது.

டிக். டிக். டிக்.

பெரிய சத்தம் அடங்கியதால் அதுவரை ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே வந்துவிட்டது. பல்லி கத்துவது போல இருந்தது. ஆனால் பல்லி இவ்வளவு ஒழுங்காகக் கத்தாது. செல்போனில் நேரம் வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து. மறுபடி எண்ணினேன். அதே நாற்பத்தைந்து.

"பரவால்ல விடு தாயி. தாளம் போடுதுன்னு வச்சுக்குவோம்" என்றார் மாமா. சொன்னபடி அந்த டிக்குக்கு ஏற்றாற்போல ஒரு பாட்டையும் வாசித்துக் காட்டினார். ஆனால் அவருடைய பாட்டுகள் எல்லாமே அந்த வேகத்தில் இல்லையே. வேறு பாட்டுக்குப் போனால் டிக் குறுக்கே வந்து விழுந்தது.

எனக்கு அது என்னுடைய வேலையில் உள்ள குற்றம் என்றே பட்டது. பதினோரு வருடம் கழித்துச் செய்கிற வேலை. கை தடுமாறியிருக்கும். எல்லா ஈயப் பற்றையும் திரும்பச் சூடுகாட்டினேன். டிக். கெப்பாசிட்டர்களை மாற்றினேன். டிக். புதுப் பேட்டரி. டிக். கடைசியில் முழுப் போர்டையும் பிரித்துப்போட்டுப் புதிதாக ஒன்று செய்தேன். முதலாவதைவிட அழகாக வந்தது, ஒயரெல்லாம் சீவி வகிடெடுத்த மாதிரி. டிக், டிக், டிக்.

திண்டுக்கல் கடைக்காரரிடம் மறுபடி போனேன். அவர் கடையில் வேறு யாருமில்லை. இரண்டு பேருமாகப் பழைய போர்டைக் கல்லா மேசையில் வைத்து அரைமணி நேரம் உருட்டி உருட்டிப் பார்த்தோம். கடைசியில் அவர், "போர்டு சுத்தமா இருக்கும்மா. வீட்டுல ஃபிரிட்ஜ், ஃபேன் ரெகுலேட்டர், அந்த மாதிரி எதாச்சும் பண்ணும். ஒவ்வொண்ணா அணைச்சுப் பாரு" என்றார். போர்டு சுத்தம் என்று ஒருவர் சொன்னதே எனக்கு அந்த நாளுக்குப் போதுமாக இருந்தது. வழியில் நாகல் நகரில் இறங்கி அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

ஒவ்வொன்றாக அணைக்க வேண்டிய வேலையை மின்வாரியமே செய்து கொடுத்தது. அந்த வாரம் எங்கள் பகுதிக்குப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஊரில் ஒரு மோட்டார் ஓடவில்லை, ஒரு ஃபேன் சுற்றவில்லை. ஸ்பீக்கரில் சார்ஜ் இருந்தது. பெடலில் பேட்டரி இருந்தது. மாமா கிடாரை மாட்டினார்.

டிக். டிக். டிக்.

ஊரிலேயே கரண்ட் இல்லை, இது மட்டும் அடிக்கிறது! எனக்குப் பயம் கூட வந்தது. மாமா வீம்புக்குக் கிடாரில் இருந்த வால்யூம் திருகை முழுவதும் குறைத்தார். டிக் நின்றுவிட்டது. கூட்டினார். வந்தது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இதை முதல் நாளே செய்து பார்த்திருக்க வேண்டும். கிடாரைக் குறைத்தால் சத்தம் நிற்கிறது என்றால், சத்தம் என் பெட்டிக்குள் பிறக்கவில்லை. கிடார் வழியாக உள்ளே வருகிறது. கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செம்புச் சுருளுமாக ஒரு பகுதி இருக்கும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காது அதுதான். அந்தக் காது வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது. பெடல் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இரண்டு போர்டு செய்து, கை சுட்டு, கண் எரிந்து... என் மேல் தப்பே இல்லை!

"மாமா, அப்படியே எந்திரிச்சு மெதுவாத் திரும்புங்க."

அவர் எழுந்து, கிடாரைக் கழுத்தில் போட்டபடி கூடத்தின் நடுவில் சுற்றினார். மேற்கே பார்த்தால் டிக் தேய்ந்தது. கிழக்கே திரும்பினால் வளர்ந்தது. வாசலுக்குக் கொண்டுபோனோம். நான் ஸ்பீக்கரையும் பெடலையும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முற்றத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அடியாகத் திரும்பித் திரும்பி நின்றதைப் பார்த்து, ரோட்டில் போன டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

கிழக்கே இருந்தது எங்கள் மல்லிகைத் தோட்டம். அதைத் தாண்டிப் பங்காளியின் மக்காச்சோளக் காடு.

பந்தலடியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த அத்தை, நாரைப் பல்லில் கடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நாரை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஏத்தா, இது அவுக சோளக்காட்டு வேலிப் பெட்டி சத்தமுல்ல?"

"எந்தப் பெட்டி?"

"பன்னிக்குப் போட்டிருக்காகள்ல, ஷாக் அடிக்கிற சூரியக் கம்பி. அதுக்கு ஒரு பெட்டி தகரக் கொட்டாயில தொங்குது. புல்லறுக்கப் போறப்பெல்லாம் இப்படித்தான் டிக்கு டிக்குன்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்கும்."

சோலார் வேலி. வெயிலில் சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து கம்பிக்கு விட்டுவிட்டு ஒரு சின்ன அதிர்ச்சியை அனுப்பும். ஆளைக் கொல்லாது, உதறவைக்கும். ராத்திரியில் காட்டுப்பன்றிக்கும் பகலில் ஆடுமாட்டுக்குமாக இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். ஊர்க் கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் அத்தையின் கையில் செல்போனைக் கொடுத்துக் கொட்டகைக்கு அனுப்பினேன். அவர் போய்ச் சேர்ந்ததும் மாமாவின் போனுக்குக் கூப்பிட்டார். மாமாவின் போன் ஒரு காதில், எங்கள் ஸ்பீக்கர் இன்னொரு காதில். பெட்டி அடித்தால் ஸ்பீக்கரும் அடித்தது. இருபது தடவை கேட்டேன். ஒன்று கூடத் தப்பவில்லை. "கேக்குதா? கேக்குதாடி?" என்று அத்தை போனில் கத்தினார். நான் முற்றத்தில் நின்று குதித்தேன். இத்தனை நாள் தேடிய ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம்.

மாமாவின் முகம் மட்டும் தொங்கிப்போனது. காரணம் இருந்தது. அந்தப் பங்காளி மாமாவுக்குத் தம்பி முறை. மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சில்லை. பெடல் உறுமத் தொடங்கிய புதிதில் அவர் வேலியோரம் நின்று, "அண்ணே, உங்க பெட்டி பன்னி மாதிரியே கத்துது. அதக் கேட்டுத்தான் என் காட்டுல பன்னியா வந்து எறங்குது" என்று சொல்லிவிட்டார். பாவம், அவர் சோளத்தைப் பன்றி தின்றுகொண்டிருந்தது உண்மைதான். மாமாவுக்கோ முப்பது வருடக் கனவைப் பன்றி என்று சொல்லிவிட்டார்களே என்ற வருத்தம்.

"நான் அங்கிட்டு வரல தாயி. நீ வேணா போ."

நான் போனேன். சின்ன மாமா (அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கொட்டகைக்கு வெளியே கவலையாக உட்கார்ந்திருந்தார். வேலிச் சத்தம் எங்கள் கிடாரில் கேட்கிறது என்று சொன்னேன்.

"ஏத்தா, நானே நொந்து போயிக் கெடக்கேன். வேலி போட்டும் பன்னி உள்ள வருது. வேலி போட்ட ஆளக் கூப்புட்டா, நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேங்குறான். நீ வேற கிடார்ல கேக்குதுங்குற!"

அவர் பன்றி என்று சொன்னதும் என் மூளையில் ஏதோ சொடுக்கியது. ஒழுங்காக இருக்கிற வேலி இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. ஏதோ ஓர் இடத்தில் கம்பியிலிருந்து பொறி தெறித்து நிலத்துக்கு ஒழுகிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பொறியைத்தான் கிடார் பிடிக்கிறது. ஒழுகினால் கம்பியில் வீரியம் இருக்காது. பன்றி நுழையும்.

"சின்ன மாமா, கம்பிய எங்கயாச்சும் செடி கொடி தொடுதான்னு பாத்தீங்களா?"

"ரெண்டு ஏக்கரு. சுத்திச் சுத்திப் பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல."

"கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, காதுக்குத் தெரியும்."

நான் ஓடி வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தென்னையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். கிடாரை எடுத்துத் தோளில் மாட்டினார். "வா" என்றார்.

இப்படியாக நாங்கள் ஊர்வலம் போனோம். முன்னால் மாமா, கிடாரை மெட்டல் டிடெக்டர் போல வேலிப் பக்கம் நீட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் நான், ஸ்பீக்கரைப் பூக்கூடையில் வைத்து இடுப்பில் ஏந்தியபடி, இன்னொரு கையில் சீரகச் சம்புடம். எனக்குப் பின்னால் சின்ன மாமா, அரிவாளோடு. அத்தை கொட்டகையில் பெட்டியின் ஸ்விட்சில் கை வைத்தபடி, போனில். வெயில் கொளுத்தியது. ஆளுயரச் சோளம் ஒருபக்கம் சரசரவென்று உரசியது. கம்பியைத் தொடாமல் இரண்டடி தள்ளியே நடந்தோம்.

வடக்கு வரிசையில் டிக் மெலிதாகவே இருந்தது. கிழக்கு மூலை திரும்பியதும் கனத்தது. ஓடைக்கரைப் பக்கம் போகப் போக டிக் என்பது டக் ஆனது. டக் டப் ஆனது. ஓர் இடத்தைத் தாண்டியதும் மறுபடி குறைந்தது.

"நில்லு, நில்லு" என்றார் மாமா. இரண்டடி பின்னால் வந்தார்.

டப்! டப்! டப்!

"இங்கனதான்டா!" என்று கத்திவிட்டார். மூன்று வாரம் கழித்துத் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். தம்பியும் அதைக் கவனிக்கவில்லை, அண்ணனும் கவனிக்கவில்லை.

பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு கல்தூண், அதில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டை, அவ்வளவுதான். நான் அத்தையிடம் பெட்டியை அணைக்கச் சொன்னேன். ஸ்பீக்கர் சட்டென்று ஊமையானது. சின்ன மாமா குனிந்து தூணின் மறுபக்கத்தைத் தடவினார். கட்டை பின்புறம் விண்டிருந்தது. ஓடையிலிருந்து ஏறி வந்த ஒரு கோவைக்கொடி அந்த வெடிப்புக்குள்ளேயே நுழைந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பத்தடி தள்ளி, மண் பெயர்ந்து பன்றி நுழைந்த வழி வழுவழுவென்று கிடந்தது.

"அடப் பாவி, இத்தினிக் கொடியா!" என்று சின்ன மாமா கொடியை அறுத்துப் போட்டார். மாற்றுக் கட்டை கொட்டகையில் இருந்தது. ஓடிப் போய் எடுத்து வந்து மாட்டினார். "போடலாம் அத்தை" என்றேன் போனில்.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடையைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கொக்கு ஒன்று ஓடையில் கத்தியது. சோளத்தட்டை உரசியது. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டால் எங்கோ ஆழத்தில் எறும்பு நடப்பது போல ஒரு சின்ன டிக். அவ்வளவுதான்.

மாமா சம்புடத்தைத் தரையில் வைக்கச் சொன்னார். சோளக்காட்டு ஓரத்தில், வரப்பின் மேல், அதை மிதித்து அந்த நாலு வரியை வாசித்தார். சுத்தமான உறுமல். வாசித்து முடித்துத் தம்பியைப் பார்த்தார். சின்ன மாமா அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோசித்தார்.

"பன்னி மாதிரிதான் இருக்குண்ணே," என்றார். "ஆனா நல்ல பன்னி."

மாமா சிரித்த சிரிப்பில் கிடார் வார் தோளிலிருந்து நழுவிவிட்டது.

அன்றைக்குப் பிறகு சோளக்காட்டில் பன்றி இறங்கவில்லை. அடுத்த மாதம் சின்ன மாமா தன் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார். பத்திரிகை கொடுக்க வந்தவர் வெற்றிலைத் தட்டை மாமாவிடம் நீட்டிவிட்டு, "அண்ணே, உங்க குழுதான் வாசிக்கணும். பன்னிப் பாட்டும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பேரும் பதினைந்து நாள் எங்கள் கூடத்தில் ஒத்திகை பார்த்தார்கள். அத்தை எல்லோருக்கும் டீ போட்டே களைத்தார். ஆனால் ஒரு நாளும் கதவிடுக்குக்குப் போகவில்லை. கூடத்திலேயே, கீபோர்டு வாசிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பூக்கட்டினார்.

காதுகுத்து அன்று காலையில், பந்தலில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது, மைக் செட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். யாரோ அவரிடம் வேலிக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, நம்ம செட்டுல உய்ங்குன்னு ஒரு சத்தம் வருது. செத்த நேரம் வந்து பாப்பீங்களா?"

நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். சின்னாளப்பட்டியில் எடுத்தது, அன்றைக்குத்தான் முதல் முறை உடுத்தியிருந்தேன். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்கு அடியில் புகுந்தேன். உள்ளே ஒயர்க்காடு. மிச்சமாக நீண்டிருந்த ஜெனரேட்டர் ஒயரையும் மைக் ஒயரையும் ஒன்றாகச் சுருட்டிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்து, ஒன்றை மேடையின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமுமாக இழுத்துவிட்டேன். மேலே உய்ங் நின்றது. "போயிருச்சுக்கா!" என்று மைக் செட்டுக்காரர் மைக்கிலேயே கத்தியது பந்தல் முழுக்கக் கேட்டது.

நான் வெளியே வருவதற்குள் மேடையில் மாமா மிதித்துவிட்டார். என் தலைக்கு நேர் மேலே பலகை அதிர்ந்தது. அடியில், மண்ணில் மண்டியிட்டபடியே முழுப் பாட்டையும் கேட்டேன். குழந்தை காது குத்திய வலியில் வீரிட்டதும், கிடார் உறுமியவுடன் அழுகையை நிறுத்தியதும் அங்கேயே கேட்டது. பலகை இடுக்கு வழியாக மாமாவின் குதிகால் தெரிந்தது. தாளத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்து நான் முழங்காலில் ஊர்ந்து வெளியே வந்தபோது, புடவை முந்தானை முழுக்கச் செம்மண். அத்தை கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மொதப் பந்தியில உனக்கு இலை போட்டாச்சு. கறி சூடா இருக்கு, வா" என்றார். "புடவையத் தொவைச்சுக்கலாம்."